ஆயுதம் போட்டு எடுத்தது

என் இடது காதுக்கு முன்னால், கன்னம் தொடங்குகிற இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வடு இருக்கிறது. பவுடர் போட்டால் மறையும், வேர்த்தால் தெரியும். நான் இருப்பது வேலூரில். அதனால் வருஷத்தில் பத்து மாதம் தெரியும்.

நான் பிறந்தது 1965இல். குடியாத்தத்தில் எங்கள் தெருவில் அந்த வடுவின் கதை தெரியாதவர்கள் கிடையாது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஆயா என் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் காட்டி, "ஆயுதம் போட்டு எடுத்த பொண்ணு இது, பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர்ச் சொம்பையே நீட்டுவாள். நைனாவுக்கு நகை வேலை. ஆயுத பூஜையன்று பட்டறைச் சாமான்களையெல்லாம் பலகையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பார்கள். சுத்தி, பட்டறைக்கல், ஊதுகுழல், கம்பி இழுக்கிற அச்சு, குறடு, சாமணம். எல்லாம் முடிந்ததும் ஆயா என்னைக் கூப்பிட்டு, மிச்சமிருக்கிற குங்குமத்தை என் கன்னத்து வடுவில் வைப்பாள். பத்து வயது வரைக்கும் எனக்கு அது பெருமை. அப்புறம் வெட்கம்.

எங்கள் பக்கம் இன்றைக்கும் பிரசவம் மூன்று வகைதான்: சுகப்பிரசவம், ஆபரேஷன், ஆயுதம். ஆயுதம் என்றால் குழந்தையின் தலையைப் பிடித்து வெளியே இழுக்கிற இடுக்கி, இங்கிலீஷில் ஃபோர்செப்ஸ். தலையில் கிண்ணம் வைத்து உறிஞ்சி இழுக்கிற வாக்யூம் வைத்து எடுத்தாலும் சிலர் அதை ஆயுதக் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள். ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை படிப்பில் மந்தமாக இருந்தால் "அப்பவே மூளை கலங்கியிருக்கும்" என்பார்கள். நான் எட்டாவதில் கணக்கில் ஃபெயிலானபோது ஆயா இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் நைனாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றினாள். அடுத்த வருஷம் கணக்கில் தொண்ணூறு வாங்கியபோது, அது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஒரு இடுக்கிக்கு ஆயுதம் என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும், பிரசவ அறைக்குள் இருந்தவராக இருக்க முடியாது. கதவுக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டவராகத்தான் இருக்கும் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது பின்னால் வரும்.

முதலில் சாமணம். நகை வேலை தெரியாதவர்களுக்கு: ஒரே தகட்டை நடுவில் மடித்து, இரண்டு முனைகளையும் கூராக்கினது சாமணம். அதில் திருகாணியோ பூட்டோ கிடையாது. விரலை எடுத்தால் தானாகத் திறந்துகொள்ளும். நைனா கெம்புக் கல்லை அதில் எடுத்துக் கம்மலின் குழியில் உட்காரவைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் கல் தெறித்துக் கூரைக்குப் போய்விடும். கொஞ்சம் விட்டால் கீழே விழுந்து உமிக்குள் போய்விடும், அப்புறம் ஒரு நாள் பூராவும் சலிக்க வேண்டும். பள்ளிக்கூட லீவு நாட்களில் நான் தொல்லை கொடுக்காமல் இருக்க, ஒரு தட்டில் கடுகைக் கொட்டி, சாமணத்தைக் கையில் கொடுத்து, "ஒண்ணொண்ணா அந்தத் தட்டுக்கு மாத்து" என்பார். கடுகு உருண்டை. அழுத்தினால் ஓடும். இருபது கடுகு மாற்றுவதற்குள் விரல் நடுங்க ஆரம்பித்துவிடும். "பலத்தைக் காட்டாத. புடிச்சிருக்கன்னு அதுக்கே தெரியக் கூடாது" என்பார்.

தாத்தாவின் அரைஞாண் கயிற்றில் ஒரு வளையம் தொங்கும். அதில் முள்வாங்கி, காது குறும்பி எடுக்கிற சின்னக் கரண்டி, பல் குத்தி என்று மூன்று சாமான். கொல்லைப் பக்கம் கருவேல முள் குத்திக்கொண்டு வருகிற பிள்ளைகளெல்லாம் தாத்தாவிடம்தான் காலை நீட்டும். எங்கள் வீட்டு ஃபோர்செப்ஸ் இவ்வளவுதான். இதிலிருந்துதான் நான் வேலூருக்கு நர்சிங் படிக்க வந்தேன், 1983இல்.

ஃபோர்செப்ஸ் என்றால் என் கன்னத்தில் தடம் போட்ட அந்த ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். ஆபரேஷன் தியேட்டர் டிரேயைத் திறந்து காட்டினால், கத்தி இரண்டு, கத்திரி மூன்று, மற்றதெல்லாம் ஃபோர்செப்ஸ்! ஆபரேஷன் என்றால் வெட்டுவது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வெட்டுவது இரண்டு நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பதுதான். தோலைப் பிடிக்கப் பல் வைத்தது. பல் இருந்தால் ஓரத்தை லேசாகத் தொட்டாலே நிற்கும், நசுக்க வேண்டியதில்லை. குடலுக்குப் பல் ஆகாது, ஓட்டை விழும். அதற்கு வாய் வழவழப்பாக இருக்கிற பேப்காக். கெட்டியான சதையை இழுத்துப் பிடிக்க ஆலிஸ். நழுவவே கூடாத இடத்துக்கு, நுனியில் ஒரு பல் வைத்த கோக்கர். சின்ன ரத்தக்குழாய்க்கு மஸ்கிட்டோ. வெந்நீரில் கொதித்த சாமான்களைக் கை படாமல் எடுக்க, சுவரோரம் மருந்துத் தண்ணீர் ஜாடிக்குள் நின்றுகொண்டிருக்கும் நீளமான சீட்டில். அந்தக் காலத்தில் படித்த எந்த சிஸ்டரைக் கேட்டாலும் முதலில் திட்டு வாங்கியது சீட்டில் நுனியை மேல் நோக்கித் தூக்கிப் பிடித்ததற்காகத்தான் இருக்கும். நுனியைத் தூக்கினால் தண்ணீர் கைப்பக்கம் வழிந்து, மறுபடி நுனிக்கு இறங்கும், அவ்வளவுதான், அசுத்தம்.

எல்லாவற்றுக்கும் ராஜா, ரத்தக்குழாயைப் பிடித்துப் பூட்டுகிற ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். எங்களுக்குச் சுருக்கமாக ஆர்ட்டரி. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஸ்பென்சர் வெல்ஸ், பாரிஸில் பேயான் என்ற சர்ஜன்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ரத்தம் பீச்சுகிற குழாயை உதவியாளர் விரலால் அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அல்லது அப்போதைக்கப்போதே நூல் போட வேண்டும். ஆர்ட்டரியின் கைப்பிடியில் சின்னச் சின்னப் பல்வரிசை. மூடினால் டிக், டிக் என்று பூட்டிக்கொள்ளும். கையை எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். வயிற்றைத் திறந்து நிதானமாக வேலை செய்ய முடிந்ததற்கு மயக்க மருந்து எவ்வளவு காரணமோ, அந்த டிக் சத்தமும் அவ்வளவு காரணம் என்பது என் கட்சி.

ஆர்ட்டரியைச் சோதிக்க ஒரு முறை உண்டு. மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். நுனியில் வெளிச்சக்கீற்று தெரிந்தால் தள்ளிவை. முதல் பல்லில் பூட்டி உள்ளங்கையில் தட்ட வேண்டும். பட்டென்று திறந்துகொண்டால் அதுவும் தள்ளுபடி. இரண்டாவதில் தோற்ற ஒரு பழைய ஆர்ட்டரியைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய் நைனாவிடம் கொடுத்தேன். அவர் நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அதை மூடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நுனி நல்லா இக்குது, பூட்டுதான் தேஞ்சிபோச்சு" என்றார். பற்றவைக்கப் பொடி வைத்து ஊதும்போது கம்பியைப் பிடிக்க அதைச் சாகும்வரை வைத்திருந்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு அதுவும் பலகைக்கு வந்தது.

எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லாமல் தியேட்டர் கதை முடியாது. வயிற்றை மூடுவதற்கு முன்னால் சாமான், துணி, ஊசி எல்லாம் எண்ண வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து, வாய்விட்டு. ஒரு ராத்திரி ஒரு மஸ்கிட்டோ குறைந்தது. டாக்டர் கத்துகிறார், மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் தரையில் மண்டி போட்டுப் பக்கெட்டில் கையை விட்டுத் துழாவுகிறேன். நாற்பது நிமிஷம் கழித்து, பச்சைத் துணி மடிப்புக்குள்ளிருந்து கிடைத்தது. அன்றிலிருந்து வீட்டில் ஸ்பூனைக் கூட எண்ணித்தான் கழுவி வைப்பேன். வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

சரி, பிரசவ வார்டுக்கு வருகிறேன்.

நான் முதன்முதலில் பார்த்த ஆயுதப் பிரசவம், பயிற்சியில் இரண்டாம் வருஷம். தலைச்சன் பிரசவம், அணைக்கட்டுப் பக்கத்துப் பெண். கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறந்து இரண்டு மணி நேரம் ஆயிற்று. முக்கி முக்கிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. தலை கீழே வரை வந்து நிற்கிறது, வெளியே வரவில்லை. குழந்தையின் துடிப்பு ஒவ்வொரு வலிக்கும் இறங்கி, ஏறுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டது. டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு, "ஆயுதம் எடும்மா" என்றார். பாருங்கள், அவரும் அதே சொல்தான்.

நான் எதிர்பார்த்தது ஏதோ ஒரு பயங்கரத்தை. வந்தது இரண்டு பெரிய கரண்டிகள். நடுவில் ஓட்டை, சட்டம் மட்டும் இருக்கும். சாதம் வடிக்கிற கரண்டியைக் கழுத்தில் வளைத்த மாதிரி. ஒவ்வொன்றிலும் இரண்டு வளைவு. ஒன்று குழந்தையின் தலைக்கு ஏற்ற குழிவு, இன்னொன்று தாயின் இடுப்பெலும்பு வழியின் வளைவு. இரண்டும் தனித்தனி. உள்ளே போன பிறகுதான் ஒன்றோடொன்று பூட்டும்.

அவர் உடனே உள்ளே வைக்கவில்லை. இரண்டையும் பூட்டி, பெண்ணின் உடம்புக்கு முன்னால் காற்றில் பிடித்துக் காட்டினார், உள்ளே எப்படி இருக்கப்போகிறதோ அதே சாய்வில். ஒரு கணம்தான். பிறகு பிரித்தார். மூத்திரப் பையைக் குழாய் விட்டுக் காலி செய்தாயிற்றா என்று கேட்டார். தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் உச்சிக்குழியைத் தேடிப் பார்த்தார். மரத்துப்போக ஊசி போட்டார். அப்புறம் இடது கரண்டியை இடது கையில், பேனாவைப் பிடிப்பதுபோல மூன்று விரலால் எடுத்தார். வலது கை விரல்கள் உள்ளே, தாயின் சதைக்கும் குழந்தையின் தலைக்கும் நடுவில் காவலாக. கரண்டி நேராக நின்று, அப்படியே வளைந்து படுத்து, தானாக வழுக்கி உள்ளே போயிற்று. தள்ளவே இல்லை. "தள்ளணும்னு தோணிச்சின்னா நீ தப்பான எடத்துல இருக்க" என்று பக்கத்தில் நின்ற ஜூனியரிடம் சொன்னார். எனக்கு நைனா ஞாபகம் வந்தது, கடுகுத் தட்டு ஞாபகம் வந்தது.

வலது கரண்டியும் போனதும் பூட்டு தானாகப் பொருந்தியது. மறுபடி சோதித்தார். தலையின் நடுக்கோடு நேராக இருக்கிறதா, ஓட்டைக்கும் தலைக்கும் நடுவில் விரல் நுனிக்கு மேல் இடம் இருக்கிறதா. பிறகு வலி வரும்வரை சும்மா காத்திருந்தார். இழுப்பது வலியோடுதான், பெண் முக்கும்போதுதான். முதலில் கீழ் நோக்கி, தலை எட்டிப் பார்த்ததும் நேராக, கடைசியில் மேலே தூக்கி. வலிக்கு நடுவில் பிடியைத் தளர்த்திவிடுவார். இரண்டாவது வலியில், கீழே கத்திரியால் ஒரு வெட்டுப் போட்டு, தலையை வெளியே கொண்டுவந்தார். குழந்தை அழுதது. இரண்டு கன்னத்திலும் சிவப்பாகக் கரண்டிச் சட்டத்தின் தடம். என்னை அறியாமல் கையுறையோடு என் கன்னத்தைத் தொடப்போய், சிஸ்டரிடம் திட்டு வாங்கினேன்.

அந்தத் தடம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். சில குழந்தைகளுக்கு முகத்து நரம்பு அழுந்தி, அழும்போது வாய் ஒரு பக்கம் கோணும். அதுவும் பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். என்னுடையதுபோல வடுவாக நிற்பது அபூர்வம். எனக்குத் தோல் கிழிந்திருக்கிறது. கரண்டி கன்னத்துக்குச் சரியாக உட்காராமல் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வயதாயிற்று.

இந்தச் சாமானின் வரலாறு ஒரு குடும்பம் செய்த பதுக்கலில் தொடங்குகிறது. 1569இல் பிரான்சிலிருந்து மதச் சண்டைக்குப் பயந்து இங்கிலாந்துக்கு ஓடிவந்த சேம்பர்லென் குடும்பம். மகன்கள் இரண்டு பேருக்கும் பீட்டர் என்றே பெயர், பெரிய பீட்டர், சின்ன பீட்டர். இரண்டாகப் பிரித்து உள்ளே வைத்துப் பூட்டுகிற இடுக்கி இவர்கள் கையில் இருந்தது. அதை ஊருக்குச் சொல்லவில்லை. நாலு தலைமுறை, நூறு வருஷத்துக்கு மேல், குடும்ப ரகசியம். தங்க வேலைப்பாடு செய்த பெரிய பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வருவார்களாம், பெண்ணின் கண்ணைக் கட்டிவிடுவார்களாம், உறவுக்காரர்களை வெளியே அனுப்பிவிடுவார்களாம். அந்த நூறு வருஷத்தில் குழந்தை சிக்கிச் செத்த தாய்மார்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு அந்தக் குடும்பத்தை மன்னிக்க மனசு வரவில்லை. தொழில் ரகசியம் எங்கள் பத்தர் தெருவிலும் உண்டுதான். பொடி கலக்கிற பக்குவத்தை நைனா யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் கம்மல் விட்டுப்போனால் உயிர் போகாது.

1670இல் அந்தக் குடும்பத்து ஹியூ, ரகசியத்தை விற்கப் பாரிஸுக்குப் போனார். அங்கே பெரிய பிரசவ வைத்தியர் மோரிசோ. இடுப்பெலும்பு கோணிப்போன ஒரு குள்ளமான பெண்ணைக் காட்டி, இவளுக்குப் பிரசவம் பார்த்துக் காட்டு என்றார். கால் மணி நேரத்தில் முடிப்பதாகச் சொன்ன ஹியூ மூன்று மணி நேரம் போராடித் தோற்றார். மறுநாள் அந்தப் பெண் இறந்துபோனாள். பேரம் முறிந்தது என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதவில்லை. குடும்பத்தின் இடுக்கிகள் 1813இல், எஸ்ஸெக்ஸில் அவர்கள் வாழ்ந்த வீட்டின் பரண் தரைக்கு அடியில் கிடைத்தன.

18ஆம் நூற்றாண்டில் விஷயம் வெளியே வந்தது. ஸ்காட்லாந்துக்காரர் ஸ்மெலி, இடுப்பை அளந்து, தலை எப்படித் திரும்பி வருகிறது என்று கவனித்து, எப்போது போட வேண்டும், எப்போது போடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். இரும்பு ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வந்து பெண்கள் பயப்படக் கூடாது என்று கரண்டிகளுக்குத் தோல் சுற்றினார். தோல் தொழில் செய்கிற எங்கள் பக்கத்து ஆம்பூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். பாரிஸில் லெவ்ரே, இடுப்பு வழிக்கு ஏற்ற இரண்டாவது வளைவைச் சேர்த்தார். 1817இல் இங்கிலாந்து இளவரசி சார்லட் ஐம்பது மணி நேரம் வலியில் கிடந்து, செத்த பிள்ளையைப் பெற்று, தானும் இறந்துபோனார். ஆயுதம் பக்கத்தில் தயாராக இருந்தும் டாக்டர் போடவில்லை. ஊர் அவரைத் தூற்றியது, மூன்று மாதத்தில் அவர் சுட்டுக்கொண்டு செத்தார். போட்டாலும் பழி, போடாவிட்டாலும் பழி.

நம் நாட்டுக் கதையும் உண்டு. சுசுருதர் கணக்கில் யந்திரங்கள் 101. அதில் குறுக்காகப் பூட்டுகிற இடுக்கி 24 வகை, சிங்கம், புலி, காக்கை என்று மிருகங்கள், பறவைகள் வாயைப் போலச் செய்தவை. நைனாவிடம் சொன்னபோது காக்காய் மூக்குக் குறடை எடுத்துக் காட்டிச் சிரித்தார். பிரசவ ஆயுதத்தில் கல்கத்தாவின் கேதார்நாத் தாஸ், நம் பெண்களின் இடுப்புக்கும் நம் குழந்தைகளின் தலைக்கும் ஏற்றபடி லேசாக, சின்னதாகச் செய்தார். இன்னொரு கல்கத்தாச் சாமானும் எங்கள் டிரேயில் உண்டு. சிசேரியனில் கர்ப்பப்பையின் வெட்டு ஓரத்தைப் பிடிக்கிற கிரீன் ஆர்மிடேஜ். அந்தப் பெயர்கொண்ட டாக்டர் அங்கே ஈடன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஆயுதம் வேண்டாம் என்று ஆபரேஷனுக்குப் போனாலும் முதலில் கையில் எடுப்பது ஃபோர்செப்ஸ்தான்.

ஐடா ஸ்கட்டர் அம்மையாரைப் பற்றி வேலூரில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து மனைவியின் பிரசவத்துக்குக் கூப்பிட்டதும், நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர் என்று அவர் சொன்னதும், ஆம்பளை டாக்டர் தொடக் கூடாது என்று அவர்கள் திரும்பிப்போனதும், மூன்று பெண்களும் இறந்ததும் இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். படித்து டாக்டராகி வந்து, 1902இல் இங்கே 40 படுக்கை ஆஸ்பத்திரி திறந்தார். சீமையில் சாமானை ஒளித்துவைத்தார்கள். இங்கே சாமான் தெரிந்த கையையே கதவுக்கு வெளியில் நிறுத்தினார்கள்.

இனி அம்மா.

நான் பிறந்த ஆஸ்பத்திரி எது என்பது வேண்டாம். அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. என் வடுவைப் பற்றி ஆயிரம் முறை பேசிய வீட்டில், அந்த ராத்திரி அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். அம்மா எங்கே உட்கார்ந்தாலும் பழைய புடவையைச் சும்மாடுபோல வளையமாகச் சுருட்டி, அதன்மேல்தான் உட்காருவாள். தண்ணீர்க் குடம் தூக்குகிற சும்மாட்டை எதற்குத் தரையில் போடுகிறாள் என்று சின்ன வயதில் நினைப்பேன். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் பந்தியில் உட்கார மாட்டாள். பஸ்ஸில் போவதென்றால் முந்தின ராத்திரியிலிருந்து சாப்பிட மாட்டாள். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்கு ஊரே தெருவில் நிற்கும், அம்மா மட்டும் மொட்டை மாடியிலிருந்து பார்ப்பாள். கூட்டம் ஆகாது என்பாள். நாலு வருஷம் கழித்துத் தம்பி பிறந்தபோது, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பெற்றாள். அதிர்ஷ்டம், ஒன்றும் ஆகவில்லை.

நான் நர்ஸாகி, எத்தனையோ ஆயுதப் பிரசவம் பார்த்து, ஒருநாள் வகுப்பில் கிழிசலின் நாலு நிலைகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முதல் நிலை தோல். இரண்டாவது சதை. மூன்றாவது ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கிற தசை. நாலாவது குடல் சுவர் வரை. வாக்யூமைவிட ஆயுதத்தில்தான் மூன்றும் நாலும் அதிகம். வாக்யூமில் குழந்தையின் தலையில் ரத்தம் கட்டுவது அதிகம். "உடனே பார்த்துத் தைக்காமல் விட்டால் பின்னால் வாயுவை அடக்க முடியாது, பேதியானால் அடக்க முடியாது, பெண்கள் வெளியே போகவே பயப்படுவார்கள்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். பஸ், பந்தி, மொட்டை மாடி, சும்மாடு.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். கேட்க மூன்று நாள் ஆயிற்று. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, என்னப் பெத்தப்போ உனக்குக் கீழ ரொம்பக் கிழிஞ்சிதா?"

"இன்னாடி இதெல்லாம் கேட்டுகினு."

"சொல்லும்மா."

"கிழிஞ்சிதான் இருக்கும். தச்சாங்க. அப்புறம் யாரு பாத்தா? எல்லாரும் உன் கன்னத்ததான் பாத்துகினு இருந்தாங்க."

கீரைக் காம்பை ஒடித்தபடியே, நிமிராமல் சொன்னாள். நைனாவிடம்கூடச் சொன்னதில்லையாம். எல்லாருக்கும் பிள்ளை பெற்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று முதல் இரண்டு வருஷம் நினைத்தாளாம். அப்புறம் பழகிப்போயிற்றாம்.

உடனே அழைத்துப் போனேன் என்று எழுத ஆசைதான். அவள் வரவில்லை. நைனா போன பிறகு, 2007இல், அறுபத்தொரு வயதில்தான் வேலூருக்கு வந்தாள். தசையை எடுத்துச் சேர்த்துத் தைத்தார்கள், பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். முழுசாகச் சரியாகவில்லை. அவ்வளவு நாள் கழித்துத் தைத்தால் அப்படித்தான். ஆனால் பந்தியில் உட்கார்ந்தாள். ஆயுதம் என்று பெயர் வைத்தது ஒரு பெண்ணாகவும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அதற்கப்புறம்தான்.

இதைச் சொன்னால் இளவயது டாக்டர்கள், "அதான் நாங்க ஆயுதமே போடறதில்ல சிஸ்டர்" என்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். தலை நன்றாகக் கீழே இறங்கி மாட்டிக்கொண்ட பிறகு சிசேரியன் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று தியேட்டரில் நின்றவர்களுக்குத் தெரியும். கீழேயிருந்து ஒருவர் தலையை மேலே தள்ள வேண்டும், கர்ப்பப்பை ஓரம் கிழிந்து ரத்தம் கொட்டும். அந்த நேரத்தில் கை தெரிந்த ஒருவர் பத்து நிமிஷத்தில் ஆயுதத்தால் முடிப்பார். கை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ரிட்டயர் ஆகிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்துப் பழகாத கையில் அந்தக் கரண்டியைக் கொடுக்கவும் எனக்குச் சம்மதமில்லை. என் கன்னமே சாட்சி. பழகுவதற்கு வாய்ப்பில்லை, வாய்ப்பு இல்லாததால் போடுவதில்லை, போடாததால் பழகுவதில்லை. இது எங்கே போய் முடியும் என்று எனக்குக் கவலை உண்டு.

2019இல் தம்பி மகளுக்குத் தலைச்சன் பிரசவம், வேலூரில். இரண்டு மணி நேரம் முக்கியாயிற்று, துடிப்பு இறங்குகிறது. டாக்டரம்மா வெளியே வந்தார், ஐம்பது வயதிருக்கும், எனக்குப் பழக்கமில்லாதவர். "அவகிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டா. உங்ககிட்டயும் சொல்றேன். ஃபோர்செப்ஸ் போடப்போறேன். மூணு வலிக்குள்ள வரலன்னா தியேட்டருக்குப் போயிடுவோம்" என்றார். தம்பி முகம் வெளுத்துவிட்டது. தம்பி பொண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அம்மா மட்டும் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆண் குழந்தை. துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். இரண்டு கன்னத்திலும் சிவப்புத் தடம். "ஐயோ, கன்னத்துல பாரு" என்று எல்லாரும் சுற்றி நின்றுகொண்டார்கள். நான்கூடக் குனிந்து, தோல் கிழிந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன். கிழியவில்லை.

அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை. நேராக டாக்டரம்மாவிடம் போனாள். எழுபத்து மூன்று வயது.

"அவளுக்குக் கீழ இன்னாம்மா ஆச்சி? பின்னால வரைக்கும் கிழிஞ்சிதா? வெரல வுட்டுப் பாத்தீங்களா?"

டாக்டரம்மா ஒரு நிமிஷம் அம்மாவையே பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, தசையில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, கண்டுபிடித்துவிட்டேன், இப்போதே தியேட்டருக்குக் கொண்டுபோய் நல்ல வெளிச்சத்தில் தைக்கப்போகிறேன், ஆறு வாரம் கழித்து நானே பார்ப்பேன் என்று விவரமாகச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் பேத்தியை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா மஞ்சப்பையிலிருந்து துவைத்து மடித்த பழைய நூல் புடவையை எடுத்து, முறுக்கி, வளையமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகினாள். கையால் அமுக்கிப் பார்த்தாள். போதவில்லைபோல, பிரித்து இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"இது மேல ஒக்காந்து பால் குடு கண்ணு."